ஹிரோஷிமாவில் இறுதி நாள்

நுழையும்முன்

குழுவாக வெளிநாடு செல்வோர் பயணத்தின் இறுதி நாளைக் கடைவீதிக்கென ஒதுக்குவது வழக்கம். ஜப்பானுக்குச் சென்ற ஓர் ஆசிரியர் குழு அந்நாளை ஹிரோஷிமாவுக்கு ஒதுக்கியது. அழிந்த நகரம் எவற்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டது என்பதை இக்கட்டுரை காட்டுகிறது.

டோக்கியோவின் வானளாவிய கட்டடங்களையும் கியோட்டோவின் கோவில்களையும் கண்டபின், இறுதி நாள் காலையில் ஒசாக்காவிலிருந்து அதிவிரைவுத் தொடர்வண்டியில் புறப்பட்டோம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் அகன்ற சாலைகளும் கடைகளும் பள்ளிப் பிள்ளைகளுமே கண்ணில் படுகின்றனர். பேரழிவைக் கண்ட ஊர் என்பதற்கான தடயம் முதற்பார்வையில் தென்படுவதில்லை.

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15 மணிக்கு இந்நகரின்மீது ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டு இறுதிக்குள் இறந்தோர் ஏறத்தாழ 1,40,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. இவ்வெண்ணை எவரும் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அமைதி நினைவு அருங்காட்சியகத்திலுள்ள ஓர் உணவுப் பெட்டியை அவ்வாறு கடந்துவிட இயலாது. வான்தாக்குதலின்போது தீ பரவாதிருக்க வீடுகளை இடித்து வெற்றிடம் உண்டாக்கும் வேலைக்குப் பள்ளி மாணவர்கள் அனுப்பப்பட்ட காலம் அது. அவ்வேலைக்குச் சென்ற 13 வயதுச் சிறுவனின் பெட்டி அது. தாய் அவனது உடலைக் கண்டெடுத்தபோது, உண்ணப்படாத உணவு கரியாகிப்போன அப்பெட்டி அவ்வுடலின் அடியில் இருந்தது. எங்கள் குழுவில் அதுவரை ஓயாது பேசிவந்தோரும் அங்கே பேசவில்லை.

வெளியே, ஆற்றங்கரையில் குவிமாடத்தின் இரும்புச் சட்டம் மட்டும் எஞ்சிய கட்டடம் நிற்கிறது. செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்சல் வடிவமைப்பில் 1915இல் எழுந்த பொருட்காட்சிக் கூடம் அது. குண்டு ஏறக்குறைய நேர்மேலே வெடித்ததால், அழுத்தம் செங்குத்தாக இறங்கிற்று. அதனால் சுவர்களின் ஒரு பகுதி சாயாமல் நின்றது. போருக்குப்பின், துயரத்தை நினைவூட்டும் இவ்விடிபாட்டை அகற்றவேண்டும் என்று கருதியோரும் நகரில் இருந்தனர். உறவினரை இழந்தோர் அவ்வாறு கருதியதில் வியப்பில்லை. ஒரு வயதில் கதிர்வீச்சுக்கு ஆளாகி, 1960இல் 16 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த மாணவி ஒருவரின் நாட்குறிப்பு, இக்கட்டடம் காக்கப்பட வேண்டும் என்ற இயக்கத்திற்கு வித்திட்டது. 1966இல் நகர மன்றம் அதனை நிலையாகப் பாதுகாக்கத் தீர்மானித்தது. 1996இல் அது உலக மரபுச் சின்னமானது.

அருகிலேயே டிராம் வண்டிகள் ஓடுகின்றன. போர்க்காலத்தில் ஆண்கள் படைக்குச் சென்றதால், பதின்பருவ மாணவியர் இவ்வண்டிகளில் ஓட்டுநராகவும் நடத்துநராகவும் பணியாற்றினர். குண்டு விழுந்த மூன்றாம் நாளே ஒரு பகுதியில் வண்டி மீண்டும் ஓடியது. மாணவர்கள் இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் உங்கள் வயதினர்.

பேருந்துக்குத் திரும்ப இருபது நிமிடங்களே இருந்தன. பலர் நினைவுப் பொருள் வாங்கச் சென்றனர். நாங்கள் நால்வர் மட்டும் பூங்காவிலுள்ள ஆவோகிரி மரங்களைத் தேடிச் சென்றோம். குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் தொலைவில் நின்றவை அவை. 1973இல் இங்கே பெயர்த்து நடப்பட்டன. வெடிப்பை எதிர்கொண்ட பக்கம் கருகி உட்குழிந்துள்ளது. எரிந்த பட்டையின் விளிம்பைப் புதுப்பட்டை மெல்ல மூடிவர, மேலே கிளைகளில் அகன்ற இலைகள் அடர்ந்திருந்தன.