ஓட்டைக் கண்ணாடியும் லேசர் ஒளியும்



கண்ணாடியில் ஓட்டை இருக்குமா? "ஓட்டை இருந்தா அது உடைஞ்ச கண்ணாடி" என்றுதான் எங்கள் வகுப்பில் சொன்னார்கள். ஆனால் வேண்டுமென்றே ஓட்டை வைத்துச் செய்கிற கண்ணாடி உண்டு. அதுதான் நுண்துளைக் கண்ணாடி. நம்ம மண்பானை மாதிரி. ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தண்ணீர் ஊறும்.

அமெரிக்காவில் கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஹூட், நார்ட்பெர்க் இருவரும் 1938-இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். சிலிகாவோடு போரான் ஆக்ஸைடும் சோடியம் ஆக்ஸைடும் சேர்த்து உருக்கிக் கண்ணாடி செய்வார்கள். அதை 500, 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்தால், பால் திரிவது போல உள்ளுக்குள் இரண்டாகப் பிரியும். ஒன்றில் சிலிகா அதிகம், இன்னொன்றில் போரான் அதிகம். பிறகு அமிலத்தில் ஊறப் போட்டால் போரான் பகுதி மட்டும் கரைந்து போய்விடும். அது இருந்த இடமெல்லாம் துளை! எல்லாத் துளையும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். ஒரு துளையின் அகலம் சுமார் 4 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டரை லட்சம் துளைகளை வரிசையாக வைக்கலாம். ஒரு கிராம் கண்ணாடியில் உள்ள துளைச் சுவர்களை விரித்துப் போட முடிந்தால் 100 சதுர மீட்டருக்கு மேல் வருமாம். நாங்கள் ஆடும் கபடிக் களம் 12-க்கு 8, அதாவது 96 சதுர மீட்டர்தான். கணக்குப் போட்டுவிட்டு அசந்து போனேன்.

சரி, லேசர் எங்கே வருது? கார்பன் டை ஆக்ஸைடு லேசர் என்று ஒன்று. அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி அதை மேற்பரப்பிலேயே உறிஞ்சிச் சூடாகும். பட்ட இடத்தில் துளைகள் மூடி, அந்த இடம் சுருங்கிக் குழியும். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆராய்ச்சியாளர்கள் இப்படியே குட்டி லென்ஸ்கள் செய்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. அது ஃபெம்டோசெகண்ட் லேசர். இதன் ஒரு துடிப்பு 100 ஃபெம்டோசெகண்ட் என்றால், அதற்குள் ஒளியே 0.03 மில்லிமீட்டர்தான் போகும். தலைமுடியின் தடிமன்கூட இல்லை! இந்த ஒளி கண்ணாடியைக் கடந்து போய்விடும். பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்தால் காகிதம் எரிகிற மாதிரி, குவிகிற புள்ளியில் மட்டும் கண்ணாடி பெயரும். (திருவிழாவில் வாங்கிய லேசர் லைட்டைக் கண்ணில் அடித்து விளையாடுகிற அண்ணன்மார் கவனிக்க: நம் கண்ணில் இருப்பதும் குவிக்கும் லென்ஸ்தான்.)

சாதாரணக் கண்ணாடிக்குள் இப்படித் தோண்டினால் பெயர்ந்த தூள் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். ஆழமாகப் போக முடியாது. நுண்துளைக் கண்ணாடியைத் தண்ணீரில் மூழ்க வைத்துத் தோண்டினால் துளை வழியே தண்ணீர் உள்ளே வந்துவிடும். தூள் தண்ணீரோடு வெளியேறும். இதனால் வளைந்து நெளிந்து, எந்தப் பக்கமும் பாதை போடலாம். சீனாவின் ஷாங்காயிலும் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்திலும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

பாதை போட்டதும் கண்ணாடி முழுவதையும் 1100 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். நானோ துளைகள் எல்லாம் மூடிக்கொள்ளும். லேசர் போட்ட பாதை பெரிசு, அதனால் மூடாது. ஒரு துளி ரத்தத்தைச் சோதிக்கும் சின்னச் சில்லுகளுக்கு இந்த மாதிரிப் பாதைதான் வேண்டும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி