கண்ணாடித் தொட்டி மீன்களும் வீட்டு ஆமைகளும்: கேட்கப்படும் சில வினாக்களுக்கு விடை

அழகு மீன்களைக் கண்ணாடித் தொட்டியிலிட்டு வளர்ப்பது ஒரு காலத்தில் பட்டணத்துத் தனவந்தர்களின் வீடுகளில் மாத்திரம் காணப்பட்ட வழக்கமாயிருந்தது. 1909-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டபோது, நீரில் உலவும் மீனைக் கண்ணாடி வழியே காண்பதே பொதுஜனங்களுக்கு ஒரு புதுமை. இப்பொழுதோ, சென்னையை அடுத்த கொளத்தூர் முதலிய இடங்களில் அநேகக் குடும்பங்கள் இம்மீன்களை உற்பத்தி செய்து விற்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டிருக்கின்றன. சிற்றூர்ச் சந்தையிலும் திருவிழாக் கடையிலும் பிளாஸ்டிக் பையில் மீன் தொங்குகிறது. குழந்தை கேட்டதென்று வாங்கிவந்த மீன் ஒரு வாரத்திற்குள் இறந்துபோவதும், அடுத்த சந்தையில் வேறு மீன் வாங்கி அதுவும் இறப்பதும் சாதாரணமாக நிகழ்கின்றன. இதைக் குறித்தும், மீனோடு கூடவே விற்கப்படும் ஆமை முதலியவற்றைக் குறித்தும் குடியானவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை கூறப்படுகிறது.

“தொட்டியைச் சுத்தமாகக் கழுவிப் புது ஜலம் விட்டும் மீன் இறப்பதேன்?” என்பதே எல்லோரும் முதலில் கேட்பது. சுத்தமாகக் கழுவியதே காரணம் என்றால் கேட்போர் நம்பத் தயங்குவர். ஆயினும் பெரும்பாலும் உண்மை அதுவே. மீன் உண்ட ஆகாரத்தின் கழிவு, அதன் செவுள்களின் வழியே அம்மோனியாவாக ஜலத்தில் கலக்கிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாவே உண்டாகும். இது மீனுக்குக் கொடிய விஷம். குளத்திலும் ஆற்றிலும் இது தங்குவதில்லை; ஏனெனில் சேற்றிலும் கல்லிலும் பாசியிலும் ஒட்டி வாழும் நுண்கிருமிகளில் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொருவகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. அம்மோனியம் சல்பேட் உரத்தைப் புஞ்சை நிலத்திலிட்டால் மண்ணிலுள்ள நுண்கிருமிகள் செய்யும் வேலையும் இதுவே. நைட்ரைட்டும் விஷந்தான், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை அது கெடுத்துவிடுகிறது. நைட்ரேட்டோ மிகுந்தாலன்றி அவ்வளவு தீங்கு செய்யாது.

புதிய தொட்டியில் இந்நுண்கிருமிகள் இல்லை. அவை குடியேறிப் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் வரை செல்லும். அதற்குள் பத்துப் பதினைந்து மீன்களை ஒரே நாளில் விட்டால், தம் கழிவாலேயே அவை மடிகின்றன. ஜலம் பார்வைக்குப் பளிங்குபோல் தெளிந்திருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. அம்மோனியா கண்ணுக்குத் தெரிவதன்று. ஆகையால் ஆரம்பத்தில் இரண்டு மூன்று சிறு மீன்களை மாத்திரம் விட்டு, தீனியைச் சுருக்கி, மாதம் ஒன்று கழிந்தபின் சிறிது சிறிதாகத் தொகையைக் கூட்ட வேண்டும். நோயின்றி நெடுநாள் நடந்துவரும் தொட்டி ஒன்று அண்டை அயலில் இருந்தால், அதன் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை வாங்கிவந்து புதுத் தொட்டியிலிடுவது மிக்க பலன் தரும். பாலுக்கு உறைமோர் எப்படியோ, தொட்டிக்கு அந்தப் பஞ்சு அப்படி.

இதனால் மற்றொன்றும் விளங்கும். வாரந்தோறும் மீனை வெளியே எடுத்து, கல்லையும் மணலையும் சோப்பிட்டுத் தேய்த்து, ஜலம் முழுவதையும் மாற்றுகிறவர், குடியேறிய நுண்கிருமிகளை வாரந்தோறும் கொன்று புதுத் தொட்டியாகவே வைத்திருக்கிறார். வாரத்திற்கு ஒருமுறை ஜலத்தில் கால் பாகத்தை அடியிலுள்ள கசடோடு குழாயால் இறக்கிவிட்டு, அந்த அளவு நல்ல ஜலம் சேர்த்தால் போதும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், இறக்கிய அந்தப் பழைய ஜலத்திலேயே அலசிப் பிழிய வேண்டும்.

நகரக் குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கப்படுகிறது. அது மீனின் செவுளையும் எரிக்கும், மேற்சொன்ன நுண்கிருமிகளையும் கொல்லும். அகன்ற பாத்திரத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் திறந்துவைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும். அவசரமாயின் ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட் உப்பை 50 லிட்டருக்கு அரை கிராம் கரைத்து உபயோகிக்கலாம்.

கிணற்று ஜலத்தில் குளோரின் இல்லை. ஆனால் உப்பும் சுண்ணாம்பும் ஊருக்கு ஊர் வேறுபடும். இதற்குப் பரிசோதனைச் சாலை தேவையில்லை. சோப்பு நுரைக்காமலும் பருப்பு வேகாமலும் இருக்கும் ஜலம் கடின ஜலம். அதில் மோலி, கப்பி போன்ற குட்டியிடும் மீன்கள் செழித்து வாழும். மோலி சற்று உப்புக் கரிக்கும் ஜலத்தையும் தாங்கும். அமேசான் நதிப் பிரதேசத்தைச் சேர்ந்த டெட்ரா வகைகளோ மென்மையான ஜலத்தையே விரும்புவன. ஆகவே முதலில் மீனைத் தேர்ந்து பிறகு ஜலத்தைத் திருத்த முயல்வது வீண் செலவு. மண்ணைப் பார்த்துப் பயிரிடுவதுபோல், ஜலத்தைப் பார்த்து மீனைத் தேர்வதே உசிதம்.

“எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? வட்டக் கிண்ணத்தில் வளர்க்கக் கூடாதா?” இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். ஜலத்தின் பாரம் மாத்திரம் 56 கிலோ. ஆதலின் தாங்கும் பலகை உறுதியாயும் மட்டமாயும் இருத்தல் அவசியம். சிறு மீன்களுக்கு, வளர்ந்தபின் உள்ள உடல் நீளத்தில் அங்குலத்திற்கு 4 லிட்டர் என்று கணக்கிடலாம். தங்கமீனுக்கு இக்கணக்குப் பொருந்தாது. கெண்டை ஜாதியைச் சேர்ந்த அது முக்கால் அடிக்கு மேலும் வளர வல்லது, பத்து வருஷத்திற்கு மேல் உயிர்வாழக் கூடியது, கழிவும் அதிகம். அதைக் கிண்ணத்திலிட்டு மூன்று மாதத்தில் சாகவிடுவதைப் பலரும் அம்மீனின் ஆயுளே அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது.

ஃபைட்டர் எனப்படும் சண்டைமீனைச் சிறு புட்டியில் அடைத்து விற்கிறார்களே எனின், அம்மீன் தலையிலுள்ள ஒரு விசேஷ உறுப்பினால் வெளிக்காற்றையும் சுவாசிக்கக் கூடியது. நம் நாட்டுப் பனையேறிக் கெண்டைக்கும் இத்தகைய உறுப்புண்டு. அதனால்தான் அது வற்றிய குட்டையின் சேற்றிலும் பிழைக்கிறது. ஆனால் மூச்சுத் திணறாதென்பது ஒன்று, விஷநீரில் நலமாயிருக்குமென்பது வேறொன்று. சண்டைமீனுக்கும் 20 லிட்டர் இடமாவது வேண்டும். ஆண்மீன்கள் இரண்டை ஒருங்கே விடலாகாது.

கோடையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய்பிளந்து நிற்பதைக் கண்டு பசியென்று தீனி போடுவோர் உண்டு. இது பெருந்தவறு. ஜலத்தில் கரையும் பிராணவாயு உஷ்ணம் ஏற ஏறக் குறைகிறது. 20 டிகிரி சென்டிகிரேடில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையுமானால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். செடிகளும் இரவில் பிராணவாயுவை உட்கொள்வதால் விடியற்காலத்தில் இக்குறை அதிகப்படும். அச்சமயம் செய்யத்தக்கது தீனியை நிறுத்திக் காற்றூட்டுவதே. மின்சாரம் நின்றுவிட்டால் ஒரு செம்பினால் ஜலத்தை மொண்டு சற்று உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தாலும் ஆபத்து விலகும்.

தீனியைப் பற்றி ஒரே வார்த்தை: இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று தீரும் அளவு, நாளைக்கு இருவேளை. வாரத்தில் ஒருநாள் பட்டினி போடினும் வளர்ந்த மீனுக்குக் கெடுதியில்லை. சோறும் ரொட்டியும் ஜலத்தைக் கெடுக்கும். கொசுப்புழு உத்தமமான ஆகாரம். சாக்கடையில் எடுத்த சிவப்புப் புழுவோ நோயைக் கொணரும்.

வெண்புள்ளி நோயே அதிகமாகக் கேட்கப்படுவது. உப்புத் தூவினாற்போல் மீனின் மேல் வெள்ளைப் பொட்டுகள் தோன்றும். மீன் கல்லில் உரசிக்கொள்ளும். ஓரணு ஜீவி ஒன்று தோலுக்கடியில் புகுந்து வளர்வதால் இது உண்டாகிறது. வளர்ந்தபின் அது உதிர்ந்து அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்காகப் பிரிந்து, நீந்திச் சென்று மறுபடியும் மீனைப் பற்றுகிறது. மருந்து, நீந்தும் அந்தப் பருவத்தில்தான் அதைக் கொல்லும். மீனின் தோலுக்குள் இருப்பதைத் தொடாது. ஆகையால் பொட்டு மறைந்ததும் சிகிச்சையை நிறுத்துகிறவர் அடுத்த வாரத்தில் இரட்டிப்பான நோயைக் காண்கிறார். லிட்டருக்கு 2 கிராம் வீதம் கல்லுப்பைக் கரைத்து ஒரே நாளில் ஊற்றாமல் இரண்டு நாட்களில் சேர்த்து, பொட்டுகள் மறைந்தபின்னும் ஒரு வாரம் வைத்திருக்க வேண்டும். செதிளற்ற கெளுத்தி வகைகளும் நீர்ச்செடிகளும் உப்பை அவ்வளவாகத் தாங்கா. இவ்வளவு சிரமமும், புதிதாக வாங்கிய மீனை வேறு தொட்டியில் மூன்று வாரம் ஒதுக்கி வைத்துச் சேர்ப்போருக்குப் பெரும்பாலும் நேருவதில்லை.

இனி ஊர்வன. “வயலில் அகப்பட்ட ஆமையை வீட்டில் வளர்க்கலாமா?” கூடாது. ஆமையும் அமீனாவும் புகுந்த வீட்டைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. ஆமையைப் பொறுத்தவரை அது வீண் பழி. ஆயினும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு, ஆமை புகுந்த வீட்டில் அதிகாரியும் புக நேரிடலாம். புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமை, குளங்களில் உள்ள பாலாமை, உடும்பு, மலைப்பாம்பு ஆகிய இவையெல்லாம் அச்சட்டத்தின் முதல் அட்டவணையைச் சேர்ந்தவை. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தண்டனை மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறைவாசம், அபராதம் தனி. அதிர்ஷ்டம் தருமென்று சொல்லி நட்சத்திர ஆமையைக் கடத்தி விற்போரால் அவ்வினம் குறைந்து, 2019-இல் சர்வதேச வாணிபமும் தடைசெய்யப்பட்டது. உழும்போது தென்பட்டால் வரப்புக்கப்பால் புதரோரம் விட்டுவிடலாம். காயம்பட்டதையும் கிணற்றில் விழுந்ததையும் வன இலாகாவுக்குத் தெரிவிப்பதே முறை.

கடைகளில் காசளவு குஞ்சாக விற்கப்படும் பச்சை ஆமை, கண்ணருகே சிவப்புப் பட்டை உடையது, அமெரிக்கா தேசத்தின் தென்பகுதியைச் சேர்ந்தது. வாங்குவோர் அது எப்பொழுதும் அவ்வளவாகவே இருக்குமென்று நினைக்கிறார்கள். அது ஏறக்குறைய ஓரடி ஓடு உடையதாக வளரும். இருபது முப்பது வருஷம் வாழும். பள்ளிச் சிறுவன் வாங்கிய ஆமை அவன் மகனுக்கும் மிஞ்சும்.

இந்த ஆமைகள் ஒரு வருஷத்தில் ஓடு மெலிந்து, கண் வீங்கி இறப்பதேன் என்று கேட்கிறார்கள். மீனுக்கு ஜலம் எப்படியோ, ஊர்வனவற்றிற்கு வெயில் அப்படி. அவை தம் உடலில் உஷ்ணத்தை உண்டாக்கிக்கொள்ள இயலாதவை; வெயிலில் காய்ந்தே உண்டதைச் செரிக்கின்றன. வெயிலிலுள்ள புறஊதாக் கிரணங்கள் தோலில் பட்டாலன்றி உயிர்ச்சத்து ‘டி’ உண்டாகாது. அதில்லாவிடில் சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேராது. ஜன்னலோரம் வைத்தால் போதாதா எனில், அக்கிரணங்களைக் கண்ணாடி தடுத்துவிடும். வெப்பம் மாத்திரம் உள்ளே ஏறி ஆமை வெந்துபோகவும் கூடும். திறந்த முற்றத்தில் பாதி நிழல் அமைந்த தொட்டியும், ஏறிக் காய ஒரு கல்லும் வேண்டும். கண் வீக்கம் பெரும்பாலும் உயிர்ச்சத்து ‘ஏ’ குறைவினால் வருவது. வெறும் உலர்ந்த இறாலையே தீனியாகப் போடுவோர் வீட்டில் இதைக் காணலாம். கீரை, மண்புழு, சிறு மீன் ஆகியவற்றைக் கலந்து கொடுத்தல் வேண்டும். ஆமையைத் தொட்ட கையை சோப்பிட்டுக் கழுவாமல் உண்ணலாகாது. சால்மொனெல்லா என்னும் கிருமி அதன் உடலில் இருக்கும். சிறு குழந்தைகள் இதனால் நோயுற்றமையால் நான்கு அங்குலத்திற்குட்பட்ட ஆமைகளை விற்பதை அமெரிக்க அரசாங்கம் 1975-இல் தடுத்துவிட்டது. அயல்நாட்டுப் பிராணிகளிலும் சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்தவற்றை வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படி பதிவு செய்துகொள்ளக் கடமைப்பட்டவர்.

“வளர்க்க இயலாவிட்டால் ஏரியில் விட்டுவிடலாமா? அது ஜீவகாருண்யம் அன்றோ?” இக்கேள்வி தொட்டி வைத்திருப்பவரை மாத்திரம் சேர்ந்ததன்று, ஏரிப் பாசனத்தை நம்பிய ஊர் முழுவதையும் சேர்ந்தது. தொட்டியின் பாசியைத் தின்னுமென்று விற்கப்படும் சக்கர் மீன் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டு அங்குலத்தில் வாங்கப்பட்டு ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் தொட்டியில் அடங்காமற்போக, பரிதாபப்பட்டு ஏரியில் விடப்படுகிறது. இன்று தமிழ்நாட்டின் பல ஏரிகளில் அது பெருகிவிட்டது. எலும்புத் தகடு போர்த்த உடலாதலால் பறவையும் விராலும் அதை எளிதில் விழுங்கா. முள் துடுப்புகள் வலையைக் கிழிக்கின்றன. சந்தையில் வாங்குவாரில்லை. காற்றை உட்கொண்டு உயிர் பிழைக்க வல்லதாகையால் ஜலம் கெட்டபோதும் மற்ற மீன்கள் சாக, இது நிற்கிறது. இவற்றினும் கவலைக்குரியது, முட்டையிடக் கரையில் நீண்ட வளைகளைத் தோண்டுவது. மண் கரைகள் இதனால் அரிக்கப்படுகின்றன. நண்டு வளைக்கே அஞ்சிக் கரை காக்கும் குடிகளுக்கு இதன் பொருள் விளங்காமற்போகாது. ஒருவர் காட்டிய இரக்கத்துக்கு மற்றவர்கள் வலையாலும் கரையாலும் விலை கொடுக்கிறார்கள்.

ஆதலின் வளர்க்க முடியாத மீனையும் ஆமையையும் வாங்கிய கடைக்கோ, வளர்க்கும் வேறொருவருக்கோ கொடுத்துவிட வேண்டும். சக்கர் மீன் வலையில் அகப்பட்டால் அதைத் திரும்ப ஜலத்தில் விடாமல், மற்ற மீன்களைப் போலவே கொன்று எருக்குழியில் புதைக்கலாம்.

தொட்டியிலிருந்து இறக்கும் பழைய ஜலத்தையும் வாய்க்காலில் ஊற்றலாகாது. முட்டையும் குஞ்சும் செடித்துண்டும் அதனுடன் போய்விடும். அதில் நைட்ரேட் சேர்ந்திருப்பதால் கொல்லையிலுள்ள வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல உரமாகும். நோய்க்கு உப்புக் கலந்த வாரத்து ஜலத்தை மாத்திரம் செடிக்கு விடாமல், வெயில் படும் வெறுந்தரையில் கொட்ட வேண்டும்.