நாடாப் புழுப் பரிசோதனையும் மரக்கறிச் செய்கையாளரும்

பன்றியிறைச்சியைக் கையாலும் தொடாத குடும்பங்கள் வாழைச்சேனைப் பகுதியிற் பல. ஆதலின் பன்றி நாடாப் புழுவைப்பற்றித் தமக்குக் கவலையில்லை என்று இங்குள்ள நெற்செய்கையாளரும் மரக்கறித் தோட்டக்காரரும் எண்ணுதல் இயல்பே. ஆயினும் அவ்வெண்ணம் தவறானது. இப்புழுவினால் விளையும் பெருங்கேடு இறைச்சி வழியாக வருவதன்று. மனித மலம் பட்ட கை, கீரை, நீர் ஆகியவற்றின் வழியாகவே வருகின்றது.

சரியாக வேகாத பன்றியிறைச்சியிலுள்ள நீர்க்கட்டியை ஒருவர் உண்டால், அது அவர் குடலில் நாடாப் புழுவாக வளர்கின்றது. இரண்டு முதல் நான்கு மீற்றர் வரை நீளும் அப்புழு பல ஆண்டுகள் வாழக்கூடும். அதனை உடையவருக்குப் பெரும்பாலும் நோவொன்றும் தோன்றாது. வழக்கம்போல் உண்பார், வயலில் வேலை செய்வார். ஆனால் அவர் மலத்தோடு புழுவின் துண்டுகள் கழிகின்றன. ஒரு துண்டினுள் ஏறத்தாழ 50,000 முட்டைகள் இருக்கலாம். அம்முட்டைகளைப் பன்றி உண்டால் அதன் தசையில் நீர்க்கட்டிகள் உண்டாகும். மனிதர் உண்டாலும் அவ்வாறே. கட்டி மூளையிலே தங்கினால் வலிப்பு வரும். கிணற்றருகே நிற்கையிலோ உழவு இயந்திரத்தை ஓட்டுகையிலோ வலிப்புக் கண்டால் நேர்வது யாதென்பதை வேளாண்மைக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் 1990, 1991 ஆம் ஆண்டுகளில் யூத சமூகத்தவர் நால்வருக்கு இக்கட்டிகள் மூளையிற் காணப்பட்டன. அவர்கள் மதவிதிப்படி பன்றியிறைச்சியை அறவே விலக்கியவர்கள். அவ்வீடுகளிற் பணிபுரிந்தோரைப் பரிசோதித்தபோது, ஒருவரின் குடலில் நாடாப் புழு இருப்பது தெரியவந்தது. அவருக்கோ தம்மிடம் நோயுண்டென்ற உணர்வு இருந்திருக்க நியாயமில்லை.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் அம்மாவட்டத்தில் 50,000 பேருக்கு மேற்பட்டோரை விசாரித்து, 2006 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஆயிரவருள் ஏறத்தாழ நால்வருக்கு வலிப்பு இருந்தது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்கு இக்கட்டியே காரணம். வலிப்பைப் பேயின் வேலையென்று கருதி மந்திரிப்போர் இதனைக் கவனித்தல் நன்று. இலங்கையில் இந்நோய் அவ்வளவு பரவலாகக் காணப்பட்டதில்லை. எனினும் ஒரு புழு நுழைந்தபின் அது பரவுவதற்கு வேண்டிய வழிகள் இங்கும் உள.

வளர்ந்த புழு மனிதர் குடலிலன்றி வேறெங்கும் வாழ்வதில்லை. ஆகவே புழுவை உடைய மனிதரைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் முட்டை பரவுதல் அங்கேயே நின்றுவிடும். நோயாளரை மட்டும் பரிசோதிப்பதாற் பயனில்லை என்பதும் இதனால் விளங்கும். நோயற்றவராகத் தோன்றுபவரே தேடப்படுபவர். பெரு நாட்டிலே நீர்க்கட்டியுள்ள பன்றி காணப்பட்டால், அவ்விடத்தைச் சுற்றி 100 மீற்றருக்குள் வாழும் அனைவரின் மலத்தையும் சோதித்து, புழுவுள்ளவர்க்கு மருந்தளிக்கும் முறை கையாளப்பட்டது. இலங்கைக்கும் மலப் பரிசோதனை புதிதன்று. ரொக்பெல்லர் தாபனத்தின் உதவியோடு 1916 ஆம் ஆண்டிற் கொக்கிப் புழு ஒழிப்பு வேலை இங்கே தொடங்கப்பட்டது.

பரிசோதனையில் முதலிற் கேட்கப்படுவது, மலத்தில் வெண்மையான தட்டைத் துண்டுகள் கண்டதுண்டா என்பதாகும். வெட்கத்தால் இல்லையென்று சொல்வோர் பலர். கவனியாதோர் அதனினும் பலர். ஆதலால் நுண்பெருக்கிக் கண்ணாடியில் முட்டைகளைத் தேடுகின்றனர். முட்டைகள் நாள்தோறும் கழிவதில்லையாதலின் ஒருமுறை சோதித்து இல்லையென்று தீர்மானித்தல் கூடாது. புழுவிலிருந்து கசியும் பொருளை மலத்தில் அறியும் சோதனை இதனினும் நம்பத்தக்கது. மாட்டிறைச்சியால் வரும் நாடாப் புழுவின் முட்டையும் பார்வைக்கு இதுபோன்றதே. அது மனிதர் மூளையிற் கட்டியை உண்டாக்குவதில்லை. ஆயினும் அறுவடைக்குப்பின் வயலில் மேயும் மாடுகளுக்கு அது மனித மலத்திலிருந்தே தொற்றுகின்றது.

புழு காணப்பட்டவர்க்கு நிக்குளோசமைட்டு அல்லது பிராசிகுவாண்டல் ஒரே வேளையிற் கொடுக்கப்படும். இவற்றைக் கடையில் வாங்கித் தாமாக உண்ணலாகாது. மூளையில் ஏற்கெனவே கட்டியிருப்பின் பிராசிகுவாண்டல் வலிப்பைத் தூண்டக்கூடும். முன்னர் வலிப்புக் கண்டவர் அதனை வைத்தியரிடம் மறையாது கூறவேண்டும்.

தோட்டத்தைப் பொறுத்தவரை வல்லாரையே முதலிற் கவனிக்கத்தக்கது. நிலத்தோடு படர்ந்து ஈரத்தில் வளரும் அக்கீரை பச்சையாகவே சம்பலுக்குப் பயன்படுகின்றது. முட்டைகளோ ஈரமண்ணிற் பல மாதங்கள் உயிரோடிருக்க வல்லன. உப்பு நீரில் ஊறவைத்தால் அவை இறந்துவிடுமென்று நம்புதல் தவறு. ஓடும் நீரில் இலையிலையாகக் கழுவினால் பெரும்பகுதி நீங்கும், சமைத்தால் முற்றாக அழியும். மனித மலத்தை எருவாக இடுதலும், பாத்திகளுக்கு நீர் வரும் வாய்க்காலோரம் மலங்கழித்தலும் கூடா. விதைப்பிலும் அறுவடையிலும் கூலியாட்கள் பலர் வாடியிலே தங்குவராதலின், அங்கே மலசலகூடமும் சவர்க்காரமும் இருத்தல் வேண்டும். அவை இல்லாவிடின் குற்றம் கூலியாளருடையதன்று, வயலுடையவருடையதே.

பரிசோதனைக்குரிய மலத்தை மண்ணும் சிறுநீரும் கலவாது எடுத்து, அகன்ற வாயுள்ள உலர்ந்த புட்டியில் மூடி, பெயரெழுதி அன்று காலையிலேயே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். துண்டேதும் கழிந்திருப்பின் அதனை வெறுங்கையால் தொடாது குச்சியால் எடுத்து, சிறிது நீருடன் வேறொரு புட்டியில் இடுக. மருந்துண்டவர் மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் ஒருமுறை மலங்கொடுத்தால், புழுவின் தலை தங்கி மறுபடி வளர்ந்துள்ளதா என்பது தெரிந்துவிடும்.