வினாவும் சாட்சியும்

தமிழ் பயிலும் மாணவர்க்கு நன்னூலார் வகுத்த அறுவகை வினாக்களும் பழக்கமானவை. விடையறிந்தோன் பிறனது அறிவை ஆராய்தற்பொருட்டு வினவுவது அறிவினா. அறியாதோன் அறியவேண்டி வினவுவது அறியா வினா. இதுவோ அதுவோ எனத் துணியாதோன் வினவுவது ஐய வினா. கொளல், கொடை, ஏவல் என்பன ஏனைய மூன்று. இப்பாகுபாடு பரீட்சைக்குப் படித்துப் பின் மறத்தற்குரியதன்று. ஒருவனுடைய மானமும் உயிரும் வினாவைப் பொறுத்து நிற்கும் இடம் ஒன்றுண்டு, அதுவே நியாயஸ்தலம். முற்கூறிய மூவகை வினாவும் அங்கே வழங்குமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

சாட்சி விசாரணை மூன்று படிகளையுடையது. சாட்சியை அழைத்த கட்சியார் வினவுவது முதல் விசாரணை. எதிர்க்கட்சியார் வினவுவது குறுக்கு விசாரணை. அதன்கண் எழுந்தவற்றை விளக்குமாறு அழைத்தவரே மீண்டும் வினவுவது மறு விசாரணை. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்த இம்முறையை, 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வழங்கும் பாரதிய சாட்சிய அதினியமும் மேற்கொண்டுள்ளது. முதல் விசாரணையில், விடையைத் தன்னுள் அடக்கிய வினாவுக்கு எதிர்க்கட்சியார் தடை கூறின், நியாயாதிபதியின் அனுமதியின்றி அதனைக் கேட்டலாகாது. “அவன் கையில் அரிவாள் இருந்ததன்றோ?” என்னாது, “அவன் கையில் யாது இருந்தது?” என்றே வினவல்வேண்டும். வக்கீல் விடையை அறிந்தவராயினும், அறியா வினாவின் வடிவிலேயே கேட்கிறார். குறுக்கு விசாரணையிலோ அத்தடையில்லை. அங்கே வல்லவர் கையாளும் கருவி அறிவினாவாகும்.

இதற்குச் சிறந்த சான்று பிகட் என்பவனது விசாரணை. 1887இல் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை, ஐரிஷ் தலைவராகிய பார்னெல் எழுதியதென்று ஒரு கடிதத்தை வெளியிட்டு, 1882இல் டப்ளின் நகரில் நிகழ்ந்த கொலைகளை அவர் உள்ளூர ஆதரித்தாரெனப் பழி சுமத்தியது. வேறு சில கடிதங்களும் பின்னர் வெளிவந்தன. 1889 பிப்ரவரியில், நியாயாதிபதிகள் மூவர் அடங்கிய கமிஷன் முன், அவற்றைக் கொடுத்த பிகட் சாட்சியாக நின்றான். பார்னெலின் வக்கீல் சார்லஸ் ரஸ்ஸல் அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்துச் சில சொற்களை எழுதச் சொன்னார். பின், மறந்ததொன்றை நினைத்துக்கொண்டவர்போல், ‘தயக்கம்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கூறி, அதன் முதலெழுத்தைச் சிறிதாக எழுதுமாறு வேண்டினார். பிகட் அச்சொல்லின் இடையில் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்து வரவேண்டிய இடத்தில் ‘ஈ’ என்பதை எழுதினான். வழக்கிலிருந்த கடிதம் ஒன்றிலும் அப்பிழையே காணப்பட்டது! விசாரணை முடியுமுன் அவன் தப்பியோடி, மாட்ரிட் நகரில் தன்னைத்தானே சுட்டு மாண்டான். உரத்த குரலும் கடுமொழியும் செய்யமாட்டாததை ஓரெழுத்துச் செய்தது. அவ்வெழுத்தை முன்னரே கண்டு வைத்தது ரஸ்ஸலின் உழைப்பு.

அறியா வினாவும் பொய்யை வெல்லும். தள்ளுபடி ஆகமங்களுள் ஒன்றாக நம் சபையார் கொள்ளும் சூசன்னாள் சரித்திரத்தில், மூப்பர் இருவர் சொல்லை நம்பிய சபை, ஒரு வினாவும் வினவாது அவளுக்கு மரணத் தீர்ப்பளித்தது. தானியேல் அவ்விருவரையும் பிரித்து நிறுத்தி, எம்மரத்தின்கீழ் அவளைக் கண்டீர் என்று தனித்தனியே வினவ, இருவரும் வெவ்வேறு மரங்களைக் கூறினர். விடையைத் தானியேல் அறியார். எனினும் அவள் பிழைத்தாள். ஆயின் சிறு வேறுபாடெல்லாம் பொய்யென்று கொள்ளற்க. சாட்சியின் நினைவு புகைப்படம் போன்றதன்று என்பதை, 1983இல் ஒரு குஜராத் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வழக்கின் வேரைத் தொடும் முரண்பாடே பெரிது.

இனி, மாணவர் நடத்தும் மாதிரி வழக்கை நோக்குவாம். அங்கே சாட்சியாக நிற்பவன் தனக்குத் தந்த தாளை உருப்போட்டவன். அத்தாளை எதிர்க்கட்சியாரும் படித்திருக்கின்றனர். எனவே வினாவனைத்தும் அறிவினாவாகவே முடிகின்றன. படிகளைப் பழகுதற்கும், அஞ்சாது பேசுதற்கும், விடையைக் கேட்டு அடுத்த வினாவை அமைத்தற்கும் இப்பயிற்சி பெரிதும் உதவும். ஆயினும் உண்மை நியாயஸ்தலத்தில் நிற்பவர் யார்? ஒருநாட் கூலியை இழந்து வந்த உழவர், தேதியறியாத மூதாட்டி, தன் துயரைப் பலர்முன் சொல்ல நாணும் பெண். இவர்தம் மௌனத்தை எந்தத் தாளிலும் எழுதிவைத்தல் இயலாது. சட்டக் கல்லூரி மாணவர் உண்மை வழக்குகளின் விசாரணையை நேரிற் கண்டு குறிப்பெழுதவேண்டும் என்று பார் கவுன்சில் விதித்திருப்பது மிகப் பொருத்தமே. மாதிரி வழக்கில் வக்கீலாக நிற்போர் ஒருமுறை சாட்சிக் கூண்டிலும் நிற்பாராயின், இன்னும் நன்று.

எஞ்சியது ஐய வினா. அது நியாயாதிபதிக்கு உரியது. உண்மையை அறிதற்பொருட்டு அவர் எச்சமயத்திலும் எவ்வினாவும் வினவலாம். சாட்சியை இழிவுபடுத்தக் கருதிய வினாவைத் தடுப்பதும் அவர் கடன். வெற்றியை நாடி வினவுவோர் இருவர்க்கிடையே, உண்மையை நாடி ஐயுறுவோர் ஒருவர் இருத்தலாலன்றோ அவ்விடம் நியாயஸ்தலம் எனப் பெயர் பெறுகிறது! நாளை வழக்குரைக்கப் புகும் நம் நண்பர்கள் வெல்லும் வினாவைக் கற்பாராக. அதனினும் முன்னே, அறியவேண்டி வினவக் கற்பாராக.