கேபினுக்குள் வெப்பமும் இரைச்சலும்

நுழையும் முன்

நெடுஞ்சாலையில் விரையும் லாரியை நாம் வெளியில் நின்றே காண்கிறோம். அதனுள் நாள்தோறும் பல மணி நேரம் அமர்ந்திருப்பவர் படும் இன்னல் யாது? அதனைக் குறைக்கும் வழி யாது? இப்பாடம் அவற்றை விளக்குகிறது.

பாடம்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பாலசமுத்திரம். சித்தூர் மாவட்டம் மாம்பழத்திற்குப் பெயர் பெற்றது. கோடையில் மாங்கனிகளை ஏற்றிக்கொண்டு லாரிகள் சந்தைகளுக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் செல்லும்.

அவ்வூரில் லாரி ஓட்டுநர் ஒருவர் வாழ்ந்து வந்தார். அவருடைய வண்டி மிகப் பழையது. ஒருநாள் இரவு அவர் வீடு திரும்பியதும், எட்டாம் வகுப்பில் பயிலும் மகள், "அப்பா, சாப்பிட வாருங்கள்" என்று மும்முறை அழைத்தாள். அவர் திரும்பவில்லை. தோளைத் தொட்ட பின்னரே திரும்பினார். "வண்டியை நிறுத்தினாலும் காதுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறதம்மா" என்றார். மகள் கவலையுற்றாள். மறுநாள் அவள் தந்தையுடன் வண்டியில் ஏறிப் பார்த்தாள்.

பழைய லாரிகள் பலவற்றில் எஞ்சின், ஓட்டுநரின் இருக்கைக்கு அருகிலேயே 'பானட்' எனப்படும் மூடியின் கீழ் இருக்கும். அக்காலத்தில் எஞ்சினும் அடிச்சட்டமும் மட்டுமே ஆலையிலிருந்து வருவது வழக்கம். நாமக்கல் போன்ற ஊர்களின் பட்டறைகளில் மரச்சட்டமும் இரும்புத் தகடும் கொண்டு கேபின் கட்டப்படும். ஓடும் எஞ்சினைச் சுற்றிவரும் நீர் 80 முதல் 90 டிகிரி செல்சியசு வரை சூடேறும். மேலே வெயிலில் காயும் கூரை. அருகே கொதிக்கும் எஞ்சின். சன்னலை மூடினால் வெப்பம் தாங்காது. திறந்தால் இரைச்சல் தாங்காது.

நடுவண் அரசு 2023 டிசம்பரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. புதிதாக உருவாக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதன வசதி கட்டாயம் என்பது அதன் ஆணை. அவ்வாணை புதிய வண்டிகளுக்கே பொருந்தும். பழைய வண்டியை ஓட்டுபவர் தம் கேபினைத் தாமே சீர்செய்துகொள்ள வேண்டும்.

அது காலந்தாழ்த்தக்கூடிய பணியன்று. நாளொன்றுக்கு 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்பதே எல்லை எனத் தொழில்நல வல்லுநர் கூறுவர். ஒலி 3 டெசிபல் கூடுந்தோறும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபல் எனில் 4 மணி நேரமே. உட்செவியில் மயிரிழை போன்ற நுண்ணுயிரணுக்கள் உள்ளன. அவை பேரொலியால் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

மகள் வகுப்பில் கற்றதைத் தந்தையிடம் கூறினாள். இருவரும் பட்டறைக்குச் சென்றனர். "முதலில் சைலன்சர் குழாயைப் பார்க்க வேண்டும்" என்றார் மெக்கானிக். புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு உண்டு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகைக்கசிவைச் சரிசெய்யாமல் கேபினை மூடினால் உயிருக்கே தீங்கு நேரும்.

அடுத்து, இரவில் வண்டியின் அடியிலிருந்து கைவிளக்கால் ஒளி பாய்ச்சினர். மகள் இருண்ட கேபினுக்குள் அமர்ந்து நோக்கினாள். கியர் தண்டின் அடியிலும் பெடல்களின் அருகிலும் பானட்டின் ஓரத்திலும் ஒளிக்கீற்றுகள் தெரிந்தன. ஒளி நுழையும் இடுக்கில் வெப்பக்காற்றும் ஒலியும் நுழையும். எனவே அவ்விடுக்குகளை ரப்பரால் அடைத்தனர். கதவுகளின் தேய்ந்த ரப்பரையும் மாற்றினர்.

ஒலிக்கும் மணியின் மீது கை வைத்தால் ஓசை அடங்குகிறது. அதுபோல, அதிரும் தகடுகளின் உட்புறம் தார் கலந்த கனத்த தாள்களை ஒட்டியதும் தகடுகளின் அதிர்வொலி தணிந்தது. தகரக் கூரையினும் ஓலைக் கூரை குளுமை தருவது, ஓலைகளுக்கு இடையே காற்று தங்குவதால் ஆகும். அதே முறையில் பானட்டின் அடியில், அலுமினியத் தாள் போர்த்திய கண்ணாடிப் பஞ்சினைப் பொருத்தினர். தெர்மாகோல், சாக்கு முதலியன தீப்பற்றும் என்பதால் அவற்றை எஞ்சின் அருகே வைக்கவில்லை. கேபினின் கூரைக்கு வெள்ளை வண்ணம் பூசினர். வெண்மை வெயிலைப் பெருமளவு திருப்பி அனுப்பும்.

பணி முடிந்தபின் தந்தையும் கிளீனரும் கேபினுக்குள் கத்தாமல் பேசிக்கொண்டனர். பின்னால் வரும் வண்டியின் ஒலிப்பானும் தெளிவாகக் கேட்டது. வெப்பம் முற்றும் நீங்கவில்லை. ஆயினும் தாங்கும் அளவிற்குத் தணிந்தது. மகளின் வற்புறுத்தலால் தந்தை செவிப் பரிசோதனையும் செய்துகொண்டார். "இழந்த செவித்திறன் மீளாது, எஞ்சியதைக் காத்துக்கொள்ளுங்கள்" என்றார் மருத்துவர். அன்று முதல் எங்கு வண்டியை நிறுத்தினாலும் தந்தை ரப்பர்களைத் தொட்டுப் பார்த்த பின்னரே மீண்டும் புறப்படுவார்.

சொல்லும் பொருளும்

இன்னல் – துன்பம்
நடுவண் அரசு – மத்திய அரசு
அறிவிக்கை – அரசின் முறையான அறிவிப்பு
இடுக்கு – குறுகிய இடைவெளி
கீற்று – மெல்லிய கோடு

பயிற்சி

1. சைலன்சர் குழாயை முதலில் சோதிக்க வேண்டும் என மெக்கானிக் கூறியது ஏன்?
2. 91 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் கேட்கலாம்? பாடத்தில் உள்ள கணக்கின்படி கண்டறிக.
3. பிரித்து எழுதுக: ஒளிக்கீற்று, வெப்பக்காற்று, மாங்கனி.
4. இரைச்சல் மிகுந்த பணிகள் இரண்டினைக் கூறி, அவற்றைச் செய்வோர் செவியைக் காக்கும் வழிகளை ஐந்து தொடர்களில் எழுதுக.