எவர்சில்வர்ப் பால் கேன்களில் துரு ஏறாமற் காத்தல்

எவர்சில்வர் துருவேறாது என்பது பொதுவான நம்பிக்கை. ஆயினும், வாங்கிய சில மாதங்களிலேயே பால் கேனின் விளிம்பிலும் பற்றவைத்த இடங்களிலும் செம்புள்ளிகள் தோன்றுவதுண்டு. கடைக்காரர் மட்டச் சரக்கைக் கொடுத்துவிட்டதாக உடனே எண்ணுவோர் பலர். பல சமயங்களில் உலோகம் நல்லதே. துலக்கும் முறையே பிசகானது.

காரணம்: பால் பாத்திரங்களுக்குப் பெரிதும் வழங்கும் எவர்சில்வரில் 100 பங்குக்கு ஏறக்குறைய 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு, எஞ்சியதில் பெரும்பகுதி இரும்பே. காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிவதுபோல, குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமாகிறது. உள்ளிருக்கும் இரும்பைக் காப்பது இப்படலமே. கீறல் பட்டாலும், பரப்புச் சுத்தமாயிருந்து காற்றுப் பட்டால் இது தானே மீண்டும் உண்டாகும்.

இரும்புக் கம்பி நாரால் தேய்த்தால், இரும்புத் துகள்கள் பரப்பில் ஒட்டிக்கொண்டு துருவேறுகின்றன. அவ்விடத்தில் படலம் சரிவர அமைவதில்லை. உப்பு நீரோ பிளீச்சிங் பவுடர் கரைசலோ இரவு முழுதும் தங்கினால், படலத்தைத் துளைத்துக் குழியாக்கும். குழியில் தங்கிய பால் புளித்து, மறுநாள் கறக்கும் பாலையும் கெடுக்கும்.

செய்முறை: தொழிற்சாலைகளில் இத்துகள்களைக் கரைத்தெடுக்க நைட்ரிக் அமிலத்தையும் சிட்ரிக் அமிலத்தையும் கையாளுகின்றனர். முன்னது அபாயமானது, பண்ணைக்குப் பின்னதே ஏற்றது. முதலில் சலவைச் சோடா கலந்த வெந்நீரால் எண்ணெய்ப் பசையை முற்றும் நீக்குக. பசையிருப்பின் அமிலம் பற்றாது. பின்பு 10 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 500 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, கேனை அரைமணி நேரம் அதில் மூழ்கவைக்கவும். பிளாஸ்டிக் தொட்டியே தகுந்தது. இரும்புத் தொட்டி ஆகாது. கையுறையும் கண்காப்பும் அவசியம். பிறகு நல்ல நீரில் பலமுறை அலசி, ஈரம் போகத் துடைத்துக் காற்றில் உலர்த்தவும்.

சோதனை: கேனை ஒரு மணி நேரம் நீரில் நனைத்தும் ஒரு மணி நேரம் உலர்த்தியும் ஒரு நாள் முழுதும் மாறிமாறிச் செய்க. செம்புள்ளி தோன்றாவிடில் வேலை நன்கு முடிந்ததென்று கொள்ளலாம்.

எச்சரிக்கை: ஆழ்ந்த குழிகளை இம்முறை நிரப்பாது, அத்தகைய கேனைப் பாலுக்கு உபயோகிக்கலாகாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எக்காரணம் கொண்டும் தொடவேண்டாம். அது எவர்சில்வரையே அரிக்கும். பயன்படுத்திய கரைசலைச் சலவைச் சோடாவால் புளிப்பு நீக்கி, கிணற்றுக்கும் மாட்டுத் தொட்டிக்கும் தொலைவில் ஊற்றவேண்டும்.

அன்றாடம் தேங்காய் நாரால் துலக்கி, நீர் வடியக் கவிழ்த்து வைத்தால், இவ்வேலை அடிக்கடி தேவைப்படாது.