பழுப்பா, பச்சையா? கடலின் நிறத்தைப் படிப்போம்

வடகிழக்குப் பருவமழையில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால், பழையாறு அருகே முகத்துவாரக் கடல் பழுப்பாகக் கலங்கித் தெரியும். "அங்கே மீன் கிடைக்குமா, சார்?" என்று மாணவர் கேட்டால் என்ன சொல்வோம்?

வெள்ளம் வண்டலோடு தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கடலில் சேர்க்கிறது. இச்சத்துகளால் தாவர மிதவை உயிரிகள் பெருகுகின்றன. கடலின் உணவுச்சங்கிலி இவற்றிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் வண்டல் மிகுந்தால் சூரிய ஒளி நீருக்குள் இறங்காது. உயிரிகளின் வளர்ச்சி குறையும். ஒரே வெள்ளம் உணவும் தருகிறது, ஒளியையும் மறைக்கிறது.

1999இல் இஸ்ரோ ஏவிய ஓஷன்சாட்-1 முதல் 2022இல் ஏவிய ஓஷன்சாட்-3 வரை, கடலின் நிறத்தை அளக்கும் கருவிகள் விண்ணில் இயங்கி வந்துள்ளன. பச்சையம் நீல, சிவப்பு ஒளியை உறிஞ்சும். வண்டல் துகள்களோ சிவப்பு ஒளியையும் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். நீல, பச்சை ஒளிகளின் விகிதத்தைக் கொண்டு பச்சையத்தைக் கணக்கிடும் முறை ஆழ்கடலில் நன்கு பொருந்துகிறது. கரையோரத்தில் வண்டலும் மட்கிய இலைதழைகளின் சாறும் நீல ஒளியை உறிஞ்சுவதால், பச்சையத்தின் அளவு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியக்கூடும்.

செயல்பாடு

தேவை: நான்கு கண்ணாடி டம்ளர்கள், கறுப்புத் தாள், டார்ச் விளக்கு, நீல, சிவப்புக் கண்ணாடித் தாள்கள்.

1. முதல் டம்ளரில் தெளிந்த நீர், இரண்டாவதில் களிமண் கரைசல், மூன்றாவதில் கீரையை அரைத்து வடிகட்டிய நீர், நான்காவதில் களிமண்ணும் கீரைச்சாறும் கலந்த நீர் எடுக்கவும்.

2. டம்ளர்களைக் கறுப்புத் தாளின்மீது வைத்து, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி, மேலிருந்து பார்க்கச் செய்யவும். இந்தப் பார்வையே செயற்கைக்கோளின் பார்வை.

3. முதலில் நீலத் தாள் வழியாகவும் பிறகு சிவப்புத் தாள் வழியாகவும் பார்த்து, எது வெளிச்சம், எது இருட்டு என்று அட்டவணையில் எழுதச் செய்யவும்.

நீலத்தில் களிமண்ணையும் கீரைச்சாற்றையும் பிரித்தறிவது கடினம். சிவப்பில் களிமண் கரைசல் பளிச்சென்று தெரியும். நான்காவது டம்ளரில் குழப்பம் வரும், வரட்டும். அதில் என்ன உள்ளது என்பதை உறுதிசெய்ய, ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கத்தான் வேண்டும். அறிஞர்களும் படகில் சென்று நீர் மாதிரி எடுத்துச் செயற்கைக்கோள் அளவீட்டைச் சரிபார்க்கிறார்கள்.

தொடக்க வகுப்புகளில் நிறங்களை ஒப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். உயர்நிலை மாணவர்கள் நாசாவின் வேர்ல்டுவியூ தளத்தில் ஏப்ரல், டிசம்பர் மாதப் படங்களை ஒப்பிடலாம். மழை மேகம் மறைத்த நாள்களில் கடல் தெரியாது என்பதையும் அவர்களே கண்டறிவார்கள்.

ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், பச்சையத்தையும் கடற்பரப்பின் வெப்பநிலையையும் கொண்டு மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. நிறத்தைத் தவறாகப் படித்தால் படகின் டீசல் வீணாகும். ஆகவே மாணவரின் கேள்விக்கு, "பழுப்பு நிறம் மட்டும் போதாது, வேறு என்ன பார்க்க வேண்டும், சொல்?" என்று திருப்பிக் கேட்போம்.